“ஒன்றுமில்லை” என்பது அறமாகுமா?

உடலில் நோய் கண்டவன் மருத்துவமனைக்குச் செல்கிறான். வைத்தியர் நாடி பார்க்கிறார். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் செய்கிறார். நெஞ்சைப் படமெடுக்கச் சொல்கிறார். முடிவில், “உமக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். இச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்து திரும்புவோர் பலர். இதையே கேட்டுத் தலை கவிழ்ந்து திரும்புவோரும் உளர். இரவில் உறக்கமில்லை, உண்ட சோறு இறங்கவில்லை, நெஞ்சு அடைக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது. ஆனால் ஒன்றுமில்லையாம்! அப்படியாயின் தாம் படும் பாடு பொய்யோ? தாம் நடிப்பவரோ? இக்கேள்வியைச் சுமந்துகொண்டு அவர் வீடு வந்து சேர்கிறார்.

தேடிய இடத்தில் நோயைக் காணாதபோது, நோயே இல்லை என்று கூறுவது உண்மையுரைத்தலா, பொய்யுரைத்தலா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். இது வைத்தியர்களுக்கே உரிய ஆராய்ச்சி என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் தாயும், மனைவியும், மகனும், நண்பரும் இச்சொல்லை நாள்தோறும் வழங்கி வருகின்றனர். ஆகையால் இது நம் எல்லோருடைய நாவையும் பற்றிய கேள்வியாகும்.

மனநோய் என்றவுடன் நம் மக்களின் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மதிலும் இரும்புக் கதவுமே. அதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த 1858ஆம் ஆண்டுச் சட்டமும், 1912ஆம் ஆண்டுச் சட்டமும் சித்தங் கலங்கியோரைக் காப்பில் அடைத்து வைப்பதையே முதன்மையாகக் கொண்டன. மனநோய்க்கு ஓரிடம், உடல்நோய்க்கு வேறோரிடம் என்று கட்டடங்கள் பிரிந்தன. அப்பிரிவு கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. மனிதனையே இரண்டாக அறுத்துவிட்டது. அவனுடைய உடலைப் பார்க்க ஒரு வைத்தியர். உள்ளத்தைப் பார்க்க மற்றொரு வைத்தியர். அந்த மற்றொருவரோ மதிலுக்கு அப்பால் இருந்தார். வெறிகொண்டு ஓடுபவனையும், கல்லெடுத்து எறிபவனையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாய் திறவாமல் உள்ளுக்குள்ளேயே உருகிக்கொண்டிருந்தவன் எங்கே போவான்? அவன் பொது மருத்துவமனைக்குத்தான் போனான். தலைவலி என்றான், வயிற்றைப் பிசைகிறது என்றான், நெஞ்சு எரிகிறது என்றான்.

இவ்வுண்மையை உணர்ந்து இந்நாட்டில் முதன்முதலாக வழிசெய்த நகரம் கல்கத்தா. இன்று கொல்கத்தா என வழங்கப்படுவது. அங்கே கிரீந்திரசேகர் போஸ் என்னும் அறிஞர் வாழ்ந்தார். 1887இல் பிறந்து, 1910இல் மருத்துவப் பட்டம் பெற்று, முதலில் எல்லா நோய்க்கும் மருந்து தரும் வைத்தியராகவே தொழில் நடத்தியவர் அவர். பின்னர் உளநூலில் நாட்டங்கொண்டு, 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அத்துறையிலே டாக்டர் பட்டம் பெற்றார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டோடு பல்லாண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

இவர் 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மனநோய்க்கென ஒரு வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். ராதா கோவிந்த கர் என்பவரின் முயற்சியால் 1886இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த கல்லூரி அது. 1948 முதல் அவர் பெயராலேயே ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று வழங்கி வருகிறது. இந்தியாவில் ஒரு பொது மருத்துவமனைக்குள் ஏற்பட்ட முதல் மனநோய்ப் பிரிவு இதுவே என்று வரலாறு எழுதுவோர் கூறுவர். சில ஆண்டுகளில் பம்பாயிலும் இத்தகைய பிரிவு ஏற்பட்டது. 1963இல் சண்டிகர் நகரத்து மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் விக் என்னும் மனநோய் வைத்தியர் இத்துறையை அமைத்தார். இன்று மருத்துவக் கல்லூரிகளில் இப்பிரிவு இருப்பது வழக்கமாகிவிட்டது.

போஸ் செய்தது சிறு செயல்போலத் தோன்றும். அதன் பொருளோ பெரிது. அங்கே மதில் இல்லை, பூட்டு இல்லை, நீதிபதியின் ஆணை வேண்டுவதில்லை. கண்நோய்க்கு வந்தவனும் காய்ச்சலுக்கு வந்தவனும் நுழையும் அதே வாயிலில் மனம் நொந்தவனும் நுழைந்தான். அவன் எந்த அறைக்குப் போகிறான் என்று தெருவில் நிற்பவர் அறியார். நோயாளிகளுள் அவனும் ஒரு நோயாளி, அவ்வளவே.

அன்பர்களுக்கு உவகை தரும் மற்றொரு செய்தியும் உண்டு. 1940இல் அதே கல்கத்தாவின் தில்ஜலாப் பகுதியில், போஸின் சங்கத்தார் மனநோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தனர். அவருடைய தமையனாரும் வங்க மொழியின் புகழ்பெற்ற எழுத்தாளருமான ராஜசேகர் பாசு அதற்கு இடம் அளித்தார். அதன் பெயர் லும்பினிப் பூங்கா. நம் பகவன் பிறந்த வனத்தின் பெயரல்லவா அது! காப்பிடம் என்றும், பித்தர் விடுதி என்றும் வழங்கிய இடத்துக்குப் பூஞ்சோலையின் பெயர் வந்தது. இன்று அது மேற்கு வங்க அரசின் மருத்துவமனையாக நடந்து வருகிறது.

வாயில் திறந்தாயிற்று. அவ்வளவில் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிடுமா? இல்லை. பொது மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவனிடம் மனநோயைக் காண்பது எளிதன்று. அதன் காரணங்களை அன்பர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்டல் வேண்டும்.

முதலாவது, உடல்நோயும் மனநோயும் ஒரே உடையை உடுத்து வருகின்றன. உறக்கமின்மை, பசியின்மை, மெலிவு, களைப்பு என்பன மனச்சோர்வு நோயின் குறிகள். காசநோய்க்கும், புற்றுநோய்க்கும், இருதய நோய்க்கும் குறிகள் அவையே. ஆதலால் காசநோயாளி ஒருவன் உண்ணாமலும் உறங்காமலும் கிடந்தால், “நோயின் இயல்பு அது” என்று எல்லோரும் விட்டுவிடுகின்றனர். அவன் உள்ளம் அணைந்துகொண்டிருப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. இத்தடையைக் கடக்க 1983இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சிக்மண்ட், சினெயித் என்னும் இருவர் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே 14 கேள்விகளைத் தொகுத்தனர். அவற்றுள் உடற்குறிகளை அவர்கள் வேண்டுமென்றே நீக்கிவிட்டனர். பசியைக் கேட்பதில்லை, எடையைக் கேட்பதில்லை. முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் இன்னும் சுவை இருக்கிறதா, சிரிக்க முடிகிறதா, காரணமில்லாத அச்சம் வருகிறதா என்பவற்றையே கேட்பர். உடல் நலிந்தவனும் பேரக் குழந்தையைக் கண்டால் முகம் மலர்வான். மனம் நலிந்தவனுக்கோ அம்மலர்ச்சி இல்லை. இவ்வேறுபாட்டைப் பிடித்ததே அவர்கள் செய்த உதவி.

இரண்டாவது, சன்னி. இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட மூதாட்டி ஒருத்தி இரண்டாம் நாள் இரவில் சுவரில் ஆட்கள் நிற்பதாகக் கூறுகிறாள். பெற்ற மகளை யாரென்று கேட்கிறாள். உறவினர் பேய் என்கின்றனர். சிலர் வயதின் கோளாறு என்கின்றனர். இரண்டும் அன்று. சீழோ, காய்ச்சலோ, இரத்தத்தில் உப்புக் குறைவோ, கொடுத்த மருந்தோ மூளையைக் கலக்கியதால் வந்த நிலை அது. குடிப்பழக்கமுள்ளவன் காலொடிந்து சேர்க்கப்பட்டால், மது நின்ற இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாதவற்றைக் கண்டு அலறுவதும் இவ்வினத்ததே. உடனே கவனியாவிடில் உயிருக்கும் கேடு வரும். இதிலும் வஞ்சகமான வகையொன்று உண்டு. சன்னி கண்டவர் எல்லோரும் அலறுவதில்லை. சிலர் அசையாது கிடப்பர். “பாட்டி நன்றாகத் தூங்குகிறாள்” என்று நாம் மகிழ்வோம். அவள் தூங்கவில்லை, மூழ்கிக்கொண்டிருக்கிறாள். இதைக் காணப் பெரிய கருவி வேண்டுவதில்லை. மாதங்களின் பெயரைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னால் போதும். சன்னி கண்டவருக்கு இடையிலேயே நினைவு நழுவிவிடும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று இப்படி ஆனார் என்ற செய்தி, எந்தச் சோதனையினும் மேலான சாட்சி. அதைச் சொல்ல வல்லவர் கட்டிலருகே இருக்கும் உறவினரே.

மூன்றாவது, நம் மக்கள் மனத்துயரை உடலின் மொழியிலேயே பேசுகின்றனர். “வயிறு எரிகிறது”, “நெஞ்சு வெடிக்கிறது”, “தலையில் கல்லை வைத்தாற்போல் இருக்கிறது” என்கின்றனர். அது பொய்யன்று, துயரம் அவ்வுறுப்புகளிலே உண்மையாகவே வலிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தார் 14 நாடுகளில் நடத்திய ஆராய்ச்சியொன்று 1990களில் வெளிவந்தது. நம் நாட்டில் பெங்களூர் அதில் இடம்பெற்றது. பொது வைத்தியரிடம் வந்தோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனநோய் இருந்ததென்றும், அவர்களுள் பாதியளவினரையே வைத்தியர்கள் கண்டுகொண்டனர் என்றும் அது காட்டிற்று. மறுபாதியினர் என்ன கேட்டுத் திரும்பியிருப்பர் என்பதை அன்பர்களே ஊகிக்கலாம்.

நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில், நம்மோடு இரவு முறை பார்த்த தோழர் ஒருவர் நெஞ்சுவலி என்று மூன்று மருத்துவமனைகள் ஏறி இறங்கினார். இருதயப் படம் சுத்தமாக வந்தது. மூன்றிடத்திலும் ஒன்றுமில்லை என்றனர். கடன் ஏறியது. வேலைக்குச் சோம்பி நடிக்கிறார் என்று வீட்டிலும் ஆலையிலும் பேச்சு எழுந்தது. நான்காம் இடத்தில் ஓர் இளம் வைத்தியர் படத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, “விடியலில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? இனி வாழ்ந்தென்ன என்று தோன்றுகிறதா?” என்று வினவினார். அம்மனிதர் அவ்விடத்திலேயே விம்மி அழுதார். சில மாதம் மருந்துண்டு, வாரந்தோறும் பேசி, மீண்டும் கதிரடிக்கு வந்து சேர்ந்தார். அவர் நெஞ்சுவலி பொய்யன்று. அதன் வேர் அவர்கள் தோண்டிய இடத்தில் இல்லை.

நூல் நூற்கும் இயந்திரத்தில் இழை அறுந்துகொண்டே இருந்தால், பழுது பார்ப்பவர் கதிரைச் சோதிப்பார்; உருளையைச் சோதிப்பார். அங்கே குற்றமில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனால் இழை அறாமல் நின்றுவிடுமா? அனுபவமுள்ள மேஸ்திரி, “இயந்திரத்தில் காணவில்லை, பஞ்சைப் பார், காற்றின் ஈரத்தைப் பார்” என்பார். காற்று உலர்ந்தாலும் இழை அறும் என்பது அவருக்குத் தெரியும். “காணவில்லை” என்னும் சொல்லுக்கும் “இல்லை” என்னும் சொல்லுக்கும் உள்ள தூரம் இதுதான். முன்னது உண்மை, மேலும் தேடு என்று பணிப்பது. பின்னது தேடலை முடித்துவைப்பது. தேடாத இடத்தைக் குறித்து இல்லை என்று உரைப்பது, நாம் காக்கும் சீலங்களுள் பொய்யாமைக்கு மாறானதென்றே நாம் கருதுகிறோம்.

இவ்வறம் இருபுறமும் கூரான வாள் என்பதையும் மறத்தலாகாது. உடலில் காணவில்லை என்றதும், “இது மனந்தான்” என்று முடித்துவிடுவதும் அதே பிழையே. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி குன்றினால் மனிதன் சோர்ந்து துயருற்றவன்போல் ஆகிறான். காசநோய்க்குத் தரும் மருந்துகள் சிலவும் சிலருடைய சித்தத்தைக் கலக்கக்கூடும். இளம்பெண்கள் பலர் திடீரெனப் பிதற்றிப் பித்துற்றவர்போல் ஆவதற்குக் காரணமான ஒருவகை மூளையழற்சியை வைத்தியர்கள் இன்னதென்று வரையறுத்தது 2007இல்தான். மனநோய் என்று பெயர் பெற்றவர் நெஞ்சுவலி என்றால், “அவர் அப்படித்தான் சொல்வார்” என்று தள்ளிவிடும் கொடுமையும் உண்டு. கடும் மனநோயுடையோர் ஏனையோரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னரே இறக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொல்வது கவனிக்கப்படாத உடல்நோயே. மனத்தைக் காணாத வைத்தியம் ஒரு கண் குருடு. உடலைக் காணாத வைத்தியம் மறு கண் குருடு.

இனி, நமக்கு எதிராக எழும் மூன்று வாதங்களை நோக்குவோம்.

“நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கையில், மனத்தைக் கேட்டிருக்க வைத்தியருக்கு நேரம் ஏது?” என்பர் சிலர். இது நியாயமான வாதமே. வைத்தியர்மேல் நாம் குறை சுமத்தவில்லை. ஆனால் மேலே கூறிய 14 கேள்விகளுக்குச் சில நிமிடமே வேண்டும், செவிலியரும் கேட்கலாம். காணாது விட்ட நோயாளி அடுத்த மாதமும் அதே வரிசையில் வந்து நிற்கிறான். அடுத்த மாதமும் அதே சோதனைக்குப் பணம் கட்டுகிறான். நேரம் மிஞ்சியதா, வீணானதா?

“மனநோய் என்று பெயரிட்டால் அவன் வாழ்வு கெடுமே, பெண் கொடுப்பாரா? வேலை நிலைக்குமா?” என்பர் வேறு சிலர். இவ்வச்சத்தை நாம் எள்ளவும் இகழோம். பிறப்பின் பேரால் சூட்டிய பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நமக்கு, ஒரு பெயர் மனிதனை என்ன செய்யும் என்பது தெரியும். ஆயினும் ஒன்றைப் பகுத்துணர வேண்டும். நோயின் பெயர் நோயாளிக்கு உரியது, தெருவுக்கு உரியதன்று. அதை அவனிடம் மறைப்பது ஒரு தவறு. அவனையன்றிப் பிறரிடம் உரைப்பது மற்றொரு தவறு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டையும் காக்கிறது. தன் நோயையும் சிகிச்சையையும் அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு; சட்டம் வகுத்த சில விலக்குகள் நீங்கலாக, அதை வெளியிடாமல் காப்பது வைத்தியரின் கடமை. உடல்நோயாளிக்கு நிகராக மனநோயாளியையும் நடத்தவேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. பெயரிடாமல் விட்டால் நோய் போய்விடுமா? அது வேறிடம் தேடிப் போகும். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் கொட்டகை தீப்பற்றித் தப்ப வழியின்றி மாண்டனர். மருத்துவமனை வாயில் காணாதவர்களுக்கு வாய்த்த இடம் அது.

மூன்றாவது வாதம் நம்மவரிடமிருந்தே எழுவது. “இது பூர்வ கர்மத்தின் பலன், தியானம் குன்றியதால் வந்தது, ஒழுங்காகத் தியானித்தால் தீரும்” என்பர். மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன் இதே கேள்வியைப் பகவனிடம் கேட்டான். மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வந்தவையோ என்றான். பித்தம், கபம், வாயு, பருவ மாறுதல் முதலிய எட்டுக் காரணங்களை எடுத்துரைத்த பகவன், வினைப்பயனை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைத்தார். எல்லாம் முன்வினையே என்பார் கூற்றைப் பிழையென்று மறுத்தார். அங்ஙனமிருக்க, மனச்சோர்வு நோயால் கிடப்பவனைப் பார்த்து, “உன் வினை” என்றும், “உன் பயிற்சிக் குறைவு” என்றும் கூற நமக்கு என்ன அதிகாரம்? ஆசையும் வெகுளியும் மயக்கமும் ஆகிய உள்ளக் குற்றங்கள் வேறு. வைத்தியர் காணும் மனநோய் வேறு. முன்னவை நம் எல்லோரிடமும் உள்ளன. அவற்றுக்கு மார்க்கம் உண்டு. பின்னதற்கு வைத்தியரும் வேண்டும். கால் முறிந்தவனை மலையேறச் சொல்லுவது போதனையாகாது.

இவ்வனைத்தினும் மேலாக நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைக் கூறி முடிக்கிறோம். பூச்சிமருந்து குடித்தவர்களை நம் பொது மருத்துவமனைகளுக்குக் கொண்டுவருகின்றனர். நஞ்சு முறிக்கப்படுகிறது, உயிர் மீட்கப்படுகிறது, வைத்தியர்களும் செவிலியரும் இரவு பகல் பாடுபட்டு மீட்கின்றனர். சில நாளில் “இனி ஒன்றுமில்லை” என்று அனுப்புகின்றனர். குடல் தேறிவிட்டது, உண்மையே. குடிக்கச் செய்த துயரம் எங்கே? அதை ஒருவரும் கேட்கவில்லையாயின், அத்துயரம் வந்த வழியே அவனோடு வீடு திரும்புகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொள்ளவேண்டும் என்றும், அவர்களைப் பேணுவது அரசின் கடமை என்றும் கூறுகிறது. “சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்ததாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது வீண் அச்சம் என்பது ஆராய்ந்தோர் கண்ட முடிவு. கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை. கேட்பாரில்லாமையால் அது வளர்கிறது.

2015, 2016ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தோருள் 100க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்துவதாகவும், நோயின் வகைக்கேற்ப அவர்களுள் 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டது. இத்தனை பேரும் மதிலுக்கு அப்பால் இல்லை. நம் வீட்டுத் திண்ணையில், நம் விகாரையின் பாயில், பொது மருத்துவமனையின் வரிசையில் இருக்கின்றனர்.

ஆகவே அன்பர்களே, நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது மூன்றைக் கைக்கொள்வோம். அவர் உறக்கத்தையும், மகிழ்ச்சியையும், வாழும் விருப்பத்தையும் மெல்லக் கேட்போம். நேற்றைக்கும் இன்றைக்கும் அறிவில் வேறுபாடு கண்டால் உடனே வைத்தியரிடம் உரைப்போம். உடலில் காணவில்லை என்று வைத்தியர் கூறினால், “மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவீர்களா?” என்று பணிவோடு வேண்டுவோம். துயர் மிக்கு, பக்கத்தில் ஒருவரும் இல்லையாயின், 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம் என்பதை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்வோம்.

“ஒன்றுமில்லை” என்று ஆறுதல் கூறுவது எளிது. “இன்னும் காணவில்லை, ஆனால் நீர் படும் துன்பம் உண்மை, சேர்ந்து தேடுவோம்” என்பது சற்று நீண்ட சொல். நோயுற்றவனுக்கு நாம் கடன்பட்டிருப்பது அந்நீண்ட சொல்லே.